பத்தாம் படிக்கு ஒரு முருங்கைக் கொத்து

தரணி வாயடைத்து நின்றதைப் பார்த்தவர்கள் திருப்பூரில் யாரும் கிடையாது. தன் விவாகரத்து வழக்கில் நீதிபதியே "கொஞ்சம் மூச்சு விட்டுக்கம்மா" என்று கெஞ்சும்படி பேசியவள் அவள். அப்படிப்பட்டவள் பல்லடத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு நடுவே, ஈரத்துணி ஏற்றிய டிராலி ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் ஊமையாகிப் போனாள்.

டிராலியில் அப்படி ஒன்றும் விசேஷமில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பனியன் துணி. மேலே தார்ப்பாய். தார்ப்பாயின் நான்கு மூலையிலும் மூலைக்கொன்றாக முருங்கைக் கொத்து.

வேப்பங்கொத்து என்றால் சாமி காரியம் என்று விட்டுவிடலாம். முருங்கைக் கொத்தை எவன் வைப்பான்?

குழந்தைகள் உடுப்புக் கம்பெனி நடத்துபவள் என்று சொல்லிக்கொண்டு அங்கே நுழைந்திருந்த சாரதாமணி, துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் குனிந்து, டிராலி தள்ளும் பையனிடம் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் விசாரித்தாள். அவன் பீகார்க்காரன். பதிலுக்குச் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது. கொத்தோடு கொத்தாக வரும் கம்பளிப்பூச்சி கடித்ததாம். இந்தக் கொத்து எதற்கு என்று கேட்டால் சூப்பர்வைசர் திட்டுகிறாராம். எழுதிக் கொடுத்திருப்பதில் ஒரு வரி விடாமல் செய்ய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவாம்.

"வாங்க்கா, போலாம்" என்றாள் தரணி.

எதிரே இருந்த பேக்கரியில் டீ சொன்னார்கள். சாரதாமணி திருப்பூரில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். மாப்பிள்ளை விசாரணை, சாம்பிள் திருட்டு, ஓடிப்போன மேனேஜர் என்று சகலமும் பார்ப்பாள். தரணி அவளுடைய உதவியாளர், டிரைவர், பேசாமல் இருக்க முடியாத வியாதிக்காரி. இப்போது கையில் இருந்த வழக்கு அருள்புரம் பொங்கியண்ணனுடையது.

கோடு போட்ட துணியைக் கடைசியாக அலசும்போது கறுப்பு ஒழுகி வெள்ளையில் இறங்கி, எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ஊரே இதோடு மல்லுக்கட்டுகிறது. பொங்கியண்ணனின் பட்டறையில் மட்டும் ஒழுகாது. அந்தக் கடைசி அலசல் ஒரு மூடிய அறைக்குள் நடக்கும். உள்ளே போக அனுமதி மூன்று பேருக்குத்தான்: பொங்கியண்ணன், சாய மாஸ்டர் சின்னான், லேப்பில் வேலை பார்க்கும் அன்புசெல்வி. இந்த மாதம் பல்லடத்துப் பட்டறையிலும் கறுப்பு ஒழுகாமல் நின்றுவிட்டது. வித்தையை விற்றது சின்னான்தான் என்று மொத்த ஷிஃப்ட்டுக்கு முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார் பொங்கியண்ணன். இன்று சாயங்காலத்துக்குள் வேறு ஆள் என்று தெரியாவிட்டால் போலீஸ் புகார். சின்னானின் குடும்பம் கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"என்ன கண்ணு? பேயடிச்சவளாட்ட இருக்கறே."

"அந்தக் கொத்த வெக்கச் சொன்னதே நான்தாங்க்கா."

சாரதாமணி நிதானமாக ஊதிக் குடித்தாள். "உன்னையப் புடிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த டீயக் குடிச்சுக்கட்டுமா?"

"வெளையாடாதீங்க்கா. வெளையாட்டுலதான் இது நடந்துருக்குது."

கொட்ட ஆரம்பித்தாள். கருங்கோட்டை என்று ஒரு விளையாட்டு. பந்து கிடையாது, சீட்டு கிடையாது, வெறும் எழுத்து. ஒரு வெப்சைட்டில் ஆளுக்கு ஒரு வேஷம். இவள் ஒரு பத்தி எழுதிப் போட்டால், அடுத்தவர் சாயங்காலமோ மறுநாளோ தன் வேஷத்துக்குத் தக்கபடி பதில் எழுதுவார். கதை அப்படியே நகரும். யாருக்கும் யாருடைய நிஜப் பெயரும் தெரியாது.

"நீ என்ன வேஷம்?"

"முள்ளரசிங்க்கா. மந்திரக்காரி."

"அதுக்கு எதுக்கு வேஷம்?"

வேறு நாளாக இருந்தால் தரணி இதற்கு மூன்று பதில் வைத்திருப்பாள். இன்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒவ்வொரு வேஷத்துக்கும் வித்தை உண்டுங்க்கா. வாள்வீச்சு, மூலிகை, நெசவு, இப்புடி. ஒவ்வொண்ணுக்கும் பத்துப் படி. சும்மா ஏற முடியாது. எப்புடிப் பழகுனோம்னு பயிற்சிக் கதை எழுதோணும். இன்னொருத்தர் குருவா இருந்து, தன் பங்குக்கு ஒரு நுணுக்கம் சேத்தோணும். நடுவர் படிச்சுப் பாத்து சரின்னு சொல்றவரைக்கும் அந்தக் கதை மூணு பேரு கண்ணுக்குத்தான் தெரியும். எழுதுனவங்க, குரு, நடுவர்."

"பத்தாம் படி?"

"அதுக்கு வெலை உண்டு. அந்த வித்தைக்காக எதை இழந்தேன்னு ஒரு வரி எழுதோணும். நான் 'முகம் அறிதல்'ல ஒம்பதாம் படியில ரொம்ப நாளா நிக்கறேன். புருசன இழந்தேன்னு எழுதுனேன். அது இழப்புல சேராதுன்னு நடுவர் திருப்பி அனுப்பிட்டாரு."

சாரதாமணி சிரித்துவிட்டாள். தரணி சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு சிஷ்யை இருக்கறாங்க்கா. மஞ்சணத்தின்னு பேரு. கோட்டைக்குக் கொடி அலசிக் குடுக்கறவ. பாதி ராத்திரி நெறம், பாதி பகல் நெறம். ராத்திரி பகலுக்குள்ள ஒழுகாம அலசோணும். அப்புடி ஒரு கதை எழுதுனா. தண்ணிய எப்புடி ஆத்தறது, எப்ப எடுத்து மூடி வெக்கறது, மறுக்கா எப்ப அலசறதுன்னு புட்டுப் புட்டு வெச்சா. குரு நுணுக்கம் ஒண்ணு சேத்தோணுமில்லீங்களா? எனக்குச் சாயத்தப் பத்தி என்ன தெரியும்? ஊட்டுக்குப் பின்னாடி முருங்கை மரம் நின்னுச்சு. 'மூடிய துணியின் நான்கு திசையிலும் முருங்கைக் கொத்து வை, ராத்திரி தாண்டிப் போகாது'ன்னு எழுதி உட்டேன்."

சாரதாமணி எதிரே இருந்த பட்டறையைப் பார்த்தாள். வாசலில் அந்தப் பையன் கையைச் சொறிந்தபடி நின்றான்.

"மூடுன அறைக்குள்ள போறவங்க மூணு பேரு" என்றாள் சாரதாமணி. "அதுல மஞ்சணத்தி யாரு?"

"பொங்கியண்ணன் ஐயாவோ சின்னானோ மஞ்சணத்தின்னு பேரு வெச்சுட்டுக் கொடி அலசுவாங்களா?"

"அப்ப லேப்புக்கு வண்டிய உடு."

வண்டி அருள்புரம் போய்ச் சேரும்வரை தரணி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தாள். மஞ்சணத்தியை அவள் தங்கச்சியாகவே நினைத்திருந்தாள். காய்ச்சல் என்று எழுதினால் கஷாயம் சொல்லிக் கொடுத்தவள். தன் முருங்கைக் கொத்தையும் சேர்த்துக் கட்டி விற்றுவிட்டாளே, பாவி!

அன்புசெல்வி கை கழுவிக்கொண்டு லேப்பை விட்டு வெளியே வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, விரல் நுனிகளில் போகாத நீலம். பார்த்தால் திருடியாகத் தெரியவில்லை. முகம் அறிதலில் ஒன்பதாம் படி ஏறியவள் ஆயிற்றே, அந்த மட்டுக்கு நம்பினாள் தரணி.

"மஞ்சணத்தி" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பெண் நின்றாள். முகம் மலர்ந்து, உடனே குழம்பி, பிறகு கண்கள் விரிந்தன. "குருவே... நீங்களாங்க்கா?"

கட்டிக்கொள்ள வந்தவளைத் தரணி கையை நீட்டித் தடுத்தாள். பல்லடத்தில் பார்த்ததைச் சொன்னாள். அன்புசெல்வி நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நான் யாருக்கும் சொல்லலீங்க்கா. கதையிலதான் எழுதுனேன். கொடின்னுதானுங்க எழுதுனேன், துணின்னு கூட எழுதல. எனக்கு எங்கியோ ஒரு நம்பர்ல இருந்து லிங்க் வந்துச்சு. பொழுது போகுமேன்னு சேந்தேன். மொதல்ல சும்மா மேலாக்க எழுதுனனுங்க. நடுவர் திருப்பித் திருப்பி அனுப்புனாரு. 'உன் கை பட்டது தெரியவில்லை, தண்ணீரின் சூடு தெரியவில்லை'ன்னு. அவரு கேக்கக் கேக்க..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சின்னான் அண்ணன் மேல வந்த பழி என்னாலதானுங்களா?"

தரணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று பேர் கண்ணுக்குத்தான் தெரியும். எழுதியவள் இதோ அழுகிறாள். குரு தான்தான். மிச்சம் இருப்பது நடுவர்.

கூகையார். அதுதான் நடுவரின் பெயர். புருஷன் வீட்டை விட்டு வந்த புதிதில், யாரிடமும் பேசப் பிடிக்காமல் கிடந்த நாட்களில், "இன்று எழுதாவிட்டால் பரவாயில்லை முள்ளரசி, வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிய மனிதர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள். சாரதாமணியிடம் வேலைக்குச் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். போன தீபாவளிக்குப் பின் அவர் விதியை மாற்றினார். கேட்டறிந்த வித்தைக்கு இனி ஏற்றம் கிடையாது, கை பட்ட வித்தைக்கே ஏற்றம். பலர் முணுமுணுத்தார்கள். முதல் ஆளாகக் கையைத் தூக்கி, நல்ல விதி என்று சண்டை போட்டு ஜெயிக்க வைத்தது யார்? முள்ளரசி!

தன் கையாலேயே தன் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. இத்தனை வருஷமாக அந்த விளக்கு எரிந்தது எதற்கு என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"யாருன்னு தெரியாதுங்க்கா" என்றாள் சாரதாமணியிடம். "உலகத்துல எங்க வேணும்னாலும் இருப்பாரு."

"எங்கியும் இல்ல, இங்கதான்" என்றாள் சாரதாமணி. "யோசி கண்ணு. அந்தக் கொத்த நம்புனது யாரு? தண்ணித் தொட்டியில ஒருதரம் கையை விட்டவன் அதப் படிச்சாச் சிரிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பான். இவன் அதையும் சேத்து எழுதிக் குடுத்து, ஒரு வரி விடாம செய்யோணும்னு உத்தரவு போட்டிருக்கறான். இந்த வித்தைய உயிருக்கு உயிரா ஆசைப்பட்டு, அந்தக் கதவுக்கு வெளியவே நின்னவன். அன்புசெல்வி நம்பர் தெரிஞ்சவன்."

மணி ஐந்தை நெருங்கும்போது ஐந்து பேரும் பொங்கியண்ணனின் மாடி அறையில் கூடினார்கள். பொங்கியண்ணன் மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் மகன் ரித்தீஷ், கோவையில் படித்துவிட்டு வந்து, துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களிடம் இங்கிலீஷ் பேசும் பொறுப்பில் இருப்பவன். சின்னான் கதவோரம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அன்புசெல்வியைக் கீழேயே இருக்கச் சொல்லியிருந்தாள் சாரதாமணி.

"உக்காருங்க சின்னான்" என்றாள்.

"இருக்கட்டுமுங்க."

"என்னுங்க அம்மிணி, வெசயம் கெடச்சுதுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"கெடச்சுதுங்க. பல்லடத்துல நேர்லயே பாத்துட்டோம். தண்ணி ஆத்தறதுல இருந்து உங்க வேலை அப்புடியே நடக்குது. கடைசியில துணிய மூடி வெச்சு, மேல ஒண்ணு வெப்பீங்களே, அது உள்பட." சின்னானின் பக்கம் திரும்பினாள். "மூடுனதுக்கு மேல வெக்கறத யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

சின்னான் விழித்தார். "மேலயா? மேல ஒண்ணும் வெக்கறதில்லீங்களே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமாங்க. தார்ப்பாய் போட்டு மூடறதோட சரி."

ரித்தீஷ் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "பாத்தீங்களாப்பா? கண்ணு முன்னாடியே பொய் சொல்றான். நாலு மூலைக்கும் முருங்கைக் கொத்து வெக்கறது இல்லையா? எங்கப்பா கண்டுபுடிச்ச வித்தைடா அது! அதக் கொண்டுபோய் வித்துப்போட்டு, இப்ப இல்லீங்கறயா?"

பொங்கியண்ணன் மகனை மெதுவாக ஏறிட்டுப் பார்த்தார். "முருங்கைக் கொத்தா? நம்ம பட்டறையில முருங்கைக் கொத்து எதுக்குடா சாமி?"

ரித்தீஷ் அப்பாவைப் பார்த்தான், சின்னானைப் பார்த்தான். இரண்டு முகத்திலும் ஒரே குழப்பம். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கூகையாரே" என்றாள் தரணி.

சட்டென்று திரும்பினான். அந்தத் திரும்பல் போதுமானதாக இருந்தது.

"அந்தக் கொத்து எங்க ஊட்டு மரத்துதுங்க" என்றாள் அவள். "நான்தான் முள்ளரசி."

அவன் என்ன நினைத்தானோ, அவளுக்குப் பதில் சொல்லாமல் அப்பாவிடம் வெடித்தான். பல்லடத்துப் பட்டறையில் தனக்குப் பங்கு இருப்பதை மறைக்கக்கூட இல்லை.

"ஏனுங்கப்பா, எனக்கு ஏன் சொல்லல? சின்னானுக்குச் சொன்னீங்க. லேப்புல இருக்கற புள்ளைக்குச் சொன்னீங்க. பெத்த மவன் அந்தக் கதவுகிட்டப் போனா, 'ஆபீசுக்குப் போடா'ன்னீங்க. எத்தனை தடவை கேட்டேன்? என்னைய நம்பாதது நீங்கதானுங்க மொதல்ல."

"நாளைக்கு எல்லாம் உனக்குத்தானடா" என்றார் பொங்கியண்ணன். "அவசரமா உனக்கு?" மேஜைமேல் இருந்த சாம்பிள் துணியை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அம்மிணி, இது இந்த ரூமோட இருக்கட்டுமுங்க. ஊட்டு வெசயம். வெளிய தெரிஞ்சா எந்த பையர் வருவான்? சின்னா, நீ நாளைக்கு வழக்கம்போல வந்துரு. போலீசெல்லாம் வேண்டாம்."

"அப்ப கீழ என்னன்னு சொல்றதுங்க?" என்று கேட்டார் சின்னான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தன்னால மறந்துருவாங்க."

சின்னான் துண்டை உதறித் தோளில் போட்டார். "அத்தனை பேருக்கு முன்னாடி வெச்சுச் சொன்னீங்களேங்க மொதலாளி. என்ர மவ அந்த ஷிஃப்ட்டுலதான் செக்கிங் பாக்கறா. அவ தலை குனிஞ்சுட்டுத்தான் ஊட்டுக்கு வந்தா. அத யாருங்க மறக்கறது?"

தரணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மகன் மேல் வராத சந்தேகம் இந்த மனிதர் மேல் ஒரு நொடியில் வந்தது. அதைத் துடைக்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அவள் பேச வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. அன்புசெல்வி. எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்தர்றனுங்க ஐயா. எழுதுனது நான்தான். வெளிய போனது என் கையாலதான். சின்னான் அண்ணன் இல்லேன்னு ஷிஃப்ட்டு முடியறதுக்குள்ள எல்லாருகிட்டயும் சொல்லிப் போடறேன். அப்பறம் என்னைய என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கத் திரும்பியவளை, "நில்லு கண்ணு" என்றார் பொங்கியண்ணன். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகனைத் தாண்டி நடந்தார். அந்தப் படிக்கட்டை அவர் அவ்வளவு மெதுவாக இறங்கி யாரும் பார்த்ததில்லை.

கீழே ஷிஃப்ட் மாறும் நேரம். டிபன் பையும் கையுமாக நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மெஷினை நிறுத்தச் சொன்னார். திடீரென்று விழுந்த அமைதியில் அவர் குரல் மெலிந்து கேட்டது.

"அன்னைக்குச் சின்னானச் சொன்னேன். அது தப்பு. திருடு எங்க ஊட்டுக்குள்ளயே இருந்துச்சு."

அவ்வளவுதான். கூட்டத்தில் பனியன் அடுக்கைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் முகத்தைச் சட்டென்று நிமிர்த்தினாள். சின்னான் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பொங்கியண்ணன் பக்கம் திரும்பி, "செரிங்க" என்று மட்டும் சொன்னார். நாளைக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

தரணி வண்டியை எடுக்கப் போனாள். அன்புசெல்வி பின்னாலேயே வந்து தயங்கி நிற்க, இந்த முறை தரணியே அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் லேப்புக்குத் திரும்பிப் போனாள்.

சாவியைப் போடும்போது போன் அதிர்ந்தது. கருங்கோட்டையிலிருந்து ஓர் அறிவிப்பு.

'முள்ளரசி. முகம் அறிதல். பத்தாம் படி ஏற்கப்பட்டது. இழந்ததை எழுதுக.'

நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் ரித்தீஷ் நின்றான், கையில் போனோடு. மன்னிப்புக் கேட்கிறானா, குத்திக் காட்டுகிறானா? இத்தனை வருஷம் எழுதிப் பழகியும் அவளுக்கு அந்த முகத்தில் ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. வாசல் விளக்கு பற்றிய அந்த வரியையாவது மனதாரத்தான் எழுதினானா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் ஆமாம் என்பான். அதை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.

இழந்ததை எழுத வேண்டிய பெட்டியில் ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். 'கூகையார்.'

அனுப்பினாள். ஜன்னலில் இருந்தவன் தன் போனைக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிரவே இல்லை. தரணி கணக்கை நீக்கிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த சாரதாமணி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன கண்ணு, அழுகறயா?"

"முருங்கைப் பூச்சிங்க்கா. கண்ணுல பட்டுருச்சு."

அதற்குப் பிறகு திருப்பூர் போய்ச் சேரும்வரை தரணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாரதாமணியும் பேசச் சொல்லவில்லை.